பாகம் கிடைக்கும் காரே நல்ல கார்!

நல்ல கார் எது?

இந்தக் கேள்வியைப் பத்துப் பேரிடம் கேளுங்கள். பத்துப் பதில் கிடைக்கும்.

"லிட்டருக்கு அதிக தூரம் ஓடவேண்டும்" என்பார் ஒருவர். "பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும்" என்பார் இன்னொருவர். "ரிப்பேரே வரக்கூடாது" என்பார் மூன்றாமவர்.

ரிப்பேரே வராத கார் உலகத்தில் இல்லை. இரும்பு தேயும். ரப்பர் வெடிக்கும். ஒயர் அறுந்து போகும். பத்து லட்சம் கொடுத்து வாங்கினாலும் இது உண்மை. ஐம்பது லட்சம் கொடுத்து வாங்கினாலும் இது உண்மை.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "கார் பழுதாகுமா?" என்று கேட்டுப் பயன் இல்லை. "பழுதானால் சரி செய்ய முடியுமா?" என்று கேட்க வேண்டும்.

சரி செய்ய மூன்று தேவை. ஒன்று, பாகம். இரண்டு, பழகிய கை. மூன்று, எப்படிச் சரி செய்வது என்ற விவரம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கார் கொட்டகையில் கிடக்கும். பணம் போட்டவர் பார்த்துக் கொண்டு நிற்பார்.

அம்பாசிடர் ஏன் நிலைத்தது?

நம் நாட்டில் நீண்ட காலம் ஓடிய கார் அம்பாசிடர். மந்திரி முதல் வாடகைக் கார் டிரைவர் வரை எல்லோரும் ஏறிய கார் அது. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் அதைச் செய்தார்கள். 1950-களின் கடைசியில் தொடங்கியது. 2014 மே மாதம்தான் நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே கார்!

அதன் பூர்வீகம் இங்கிலாந்து. அங்கே அதன் பெயர் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. இங்கிலாந்தில் அது பழைய காராகி மறைந்து போன பிறகும், இங்கே புதிது புதிதாக வெளிவந்து கொண்டே இருந்தது.

அம்பாசிடர் பழுதே ஆகாத காரா? இல்லவே இல்லை! வெயில் காலத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். பெட்ரோல் பம்பு சூடேறி வண்டி நடுரோட்டில் நிற்கும். முன் சக்கரத்துக் கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்காவிட்டால் சீக்கிரம் தேய்ந்து போகும்.

ஆனால் நின்ற இடத்தில் விட்டு விட்டுப் போன கார் அல்ல அது. பம்பு சூடானால் டிரைவர் ஈரத்துணியைச் சுற்றுவார். சற்று நேரம் பொறுப்பார். வண்டி கிளம்பி விடும். டிஸ்டிரிபியூட்டரில் உள்ள பாயிண்டில் கரி பிடித்தால், உப்புத்தாளால் தேய்ப்பார். வண்டி கிளம்பி விடும். டிக்கியில் ஒரு டப்பா தண்ணீர், ஒரு பேன் பெல்ட், நாலு ஸ்பேனர். இவை இருந்தால் கன்னியாகுமரியில் இருந்து டெல்லி வரை போகலாம் என்ற தைரியம் அவருக்கு இருந்தது.

பெரிய ரிப்பேர் வந்தால்? எந்தத் தாலுகா ஊரிலும் ஒரு மரத்தடி ஒர்க் ஷாப் இருந்தது. அங்கே இருந்த மெக்கானிக்குக் கண்ணை மூடிக்கொண்டு அந்த இஞ்சினைப் பிரிக்கத் தெரியும். அவரிடம் வேலை பழகிய பையனுக்கும் தெரியும். பக்கத்துக் கடையில் பாகம் இருந்தது. இந்த வருஷத்துக் காரின் பாகம் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு முந்திய காருக்கும் பொருந்தியது.

அம்பாசிடரின் பலம் இரும்பில் மட்டும் இல்லை. ஊர் ஊராக இருந்த மெக்கானிக்குகளும், கடை கடையாக இருந்த பாகங்களுமே அதன் பலம்.

பம்பாயின் பத்மினி

அம்பாசிடருக்குத் தம்பி என்று சொல்லத்தக்கது பியட் கார். இத்தாலி நாட்டுக் கார் அது. பம்பாயில் பிரீமியர் கம்பெனி அதைச் செய்தது. 1970-களில் அதற்கு "பிரீமியர் பத்மினி" என்று பெயர் வந்தது.

பம்பாய் நகரத்தின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றால் அது பத்மினிதான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதன் உற்பத்தி நின்று விட்டது. கம்பெனி நின்றாலும் டாக்சி நிற்கவில்லை. கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சிகள் 2003-ல் பதிவானவை. அங்கே டாக்சிக்கு இருபது வயதுதான் வரம்பு. அதனால் 2023 அக்டோபரில் அவை விடை பெற்றன.

செய்யும் கம்பெனி கைவிட்ட காரை இருபது வருஷம் ஓட்டியவர்கள் யார்? மெக்கானிக்கும் டிரைவரும் பாகம் விற்கும் கடைக்காரரும்தான்! லட்சக்கணக்கில் ஓடிய கார் அது. எனவே அதன் பாகத்துக்குக் கிராக்கி இருந்தது. கிராக்கி இருந்ததால் கடையில் பாகம் இருந்தது. கணக்கு அவ்வளவுதான்.

சென்னைக் காருக்கு நேர்ந்த கதி

இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை உண்டு. அது நம் சென்னைக் கதை.

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961-ல் அங்கிருந்து "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" வெளிவந்தது. சின்னக் கார். அழகான கார். டாக்டர்களும் வக்கீல்களும் ஆசையாக வாங்கினார்கள்.

1985-ல் அதே தொழிற்சாலை "ஸ்டாண்டர்டு 2000" என்ற பெரிய காரை வெளியிட்டது. உடம்பு, இங்கிலாந்தின் ரோவர் கார். இஞ்சினோ பழைய வான்கார்டு காரின் வழியில் வந்தது. புது வீட்டுக்குப் பழைய அடுப்பு வைத்தது போல! விலை அதிகம். வாங்கியவர்கள் குறைவு. 1980-களின் கடைசியில் அங்கே கார் செய்வதே நின்று விட்டது.

இன்று இந்த இரண்டு கார்களின் நிலை என்ன?

ஹெரால்டு வைத்திருப்பவருக்கு ஒரு வழி இருக்கிறது. அதன் மூலக் கார் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. அங்கே அந்தக் காரைப் பிரியத்துடன் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக இன்றும் பாகம் செய்து விற்கிறார்கள். காசு செலவானாலும் வரவழைக்கலாம்.

ஸ்டாண்டர்டு 2000 வைத்திருப்பவர் பாடு திண்டாட்டம். உடம்புக்கு ஒரு காரின் பாகம் தேட வேண்டும். இஞ்சினுக்கு வேறொரு காரின் பாகம் தேட வேண்டும். கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்து எடுக்க வேண்டும்.

காரின் விலை அதிகம் என்பதால் அது நீடிக்காது. அந்தக் காரை எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்பதே முக்கியம்.

யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்

பாகமும் இல்லை, பெட்ரோலும் இல்லை என்றால் கார் ஓடுமா?

ஓடியது! கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்தில் ஓடியது.

இங்கிலாந்தில் செய்த மோரிஸ் மைனர், ஆஸ்டின் கார்கள் அங்கே வெகு காலமாகப் பழக்கம். யுத்தம் மூண்ட பிறகு, 1990-களின் தொடக்கத்தில், அந்தப் பகுதிக்குப் பெட்ரோல் கொண்டு போகத் தடை வந்தது. மண்ணெண்ணெய்தான் கிடைத்தது. அதுவும் கொஞ்சமாக.

அங்கிருந்த மெக்கானிக்குகள் கையைக் கட்டிக் கொண்டு உட்காரவில்லை. கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டார்கள். இஞ்சின் பிடித்துக் கொண்டது. சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை கக்கியது. ஆனாலும் ஓடியது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது.

எப்படி முடிந்தது? அவை எளிய இஞ்சின்கள். மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எது எதைச் செய்கிறது என்று மெக்கானிக்குப் புரியும். புரிந்ததால் மாற்றிச் செய்ய முடிந்தது.

அந்தக் கஷ்டம் யாருக்கும் வரவேண்டாம். ஆனால் அது சொல்லும் பாடத்தை மறக்க வேண்டாம். பழகிய கையும் தெரிந்த விவரமும் இருந்தால் முடியாததும் முடியும்.

புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும்

சென்னையை மோட்டார் பாகங்களின் ஊர் என்றே சொல்லலாம். செம்பியத்தில் பிஸ்டன் செய்தார்கள். பாடியில் பிரேக்கும் ஸ்டார்ட்டரும் செய்தார்கள். உலகத்துக்கே பாகம் அனுப்பும் ஊர் இது.

புதுப் பாகம் வேண்டுமா? ஜி.பி. ரோட்டில் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய பாகம் வேண்டுமா? புதுப்பேட்டைக்குப் போகலாம். அங்கே பிரித்துப் போட்ட காரின் கதவு ஒரு பக்கம் தொங்கும். கியர் பெட்டி ஒரு பக்கம் கிடக்கும். விவரம் தெரிந்தவர் போனால் வேண்டியதைப் பொறுக்கி எடுத்து வருவார். விவரம் தெரியாதவர் போனால் ஏமாந்து வருவார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கதவுக் கைப்பிடியைப் பழையதாக வாங்கலாம். கண்ணாடி வாங்கலாம். டைனமோ கூட வாங்கலாம். ஆனால் பிரேக் சம்பந்தப்பட்டதையும் ஸ்டீயரிங் சம்பந்தப்பட்டதையும் பழையதாக வாங்கக் கூடாது. டூப்ளிகேட்டும் வாங்கக் கூடாது. அட்டைப் பெட்டியைப் பார்த்தால் ஒரிஜினல் போலவே இருக்கும். உள்ளே இருப்பது உயிரை வாங்கும் பொருளாக இருக்கலாம். பில் தரும் கடையில் வாங்குங்கள். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்க் குடும்பத்தையே ஆபத்தில் தள்ளலாமா?

புதிய காருக்கு வந்த பூட்டு

புதிய கார்கள் மோசமா? அப்படிச் சொல்ல மாட்டேன். புதிய காரில் புகை குறைவு. விபத்தில் காப்பாற்றும் காற்றுப் பை இருக்கிறது. அடிக்கடி நிற்பதும் இல்லை. வசதியில் பழைய கார் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் அது நின்று விட்டால்? மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி. அதற்குள் ஒயர்க் கூட்டம். அதற்குள் சின்னக் கம்ப்யூட்டர். என்ன கோளாறு என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதைப் படிக்கும் கருவியும் அதன் விவரமும் கம்பெனியிடம் இருக்கின்றன. முப்பது வருஷம் வேலை செய்த மெக்கானிக் வெளியே நிற்கிறார். கை இருக்கிறது, விவரம் இல்லை!

இது ஏழை மெக்கானிக்கின் கஷ்டம் மட்டும் அல்ல. உங்கள் வீட்டுப் பணமும் இதில் இருக்கிறது. ஒரே கடையில்தான் பாகம், ஒரே இடத்தில்தான் ரிப்பேர் என்றால், அவர்கள் சொன்னதுதான் விலை.

இதைப் பற்றி ஒருவர் 2011-ல் துணிந்து புகார் செய்தார். இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. பாகங்களை வெளிச் சந்தையில் தாராளமாக விற்கவில்லை. கருவியையும் விவரத்தையும் வெளி ஒர்க் ஷாப்புகளுக்குத் தரவில்லை என்று ஆணையம் கண்டது. 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் போட்டது. மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய்! பாகத்தையும் விவரத்தையும் வெளியாருக்கும் கொடுங்கள் என்று உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல் முறையீடு செய்தன. வழக்கு வருஷக் கணக்கில் இழுத்தது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்ற மாநிலத்தில் 2012-ல் இதைப் பொதுஜன ஓட்டுக்கே விட்டார்கள். "கார் ரிப்பேர் விவரத்தை எல்லா ஒர்க் ஷாப்புக்கும் கொடு" என்று ஜனங்கள் பெருவாரியாக ஓட்டுப் போட்டார்கள். நம் நாட்டிலும் 2022-ல் மத்திய அரசாங்கம் இதை ஆராய ஒரு கமிட்டி அமைத்தது. பழுது பார்க்கும் உரிமை என்று இதற்குப் பெயர். மோட்டார் வாகனமும் அதில் சேர்ந்தது.

கம்பெனி போய்விட்டால் யார் பொறுப்பு?

இன்னொரு கவலையும் உண்டு. அமெரிக்கக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ம் ஆண்டு முடிவோடு இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. போர்டு கம்பெனி 2021-ல் இங்கே கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. நம் மறைமலை நகர் தொழிற்சாலையும் அதில் அடங்கும். பாகமும் சர்வீசும் தொடர்ந்து கிடைக்கும் என்று இரண்டு கம்பெனிகளும் சொல்லின. சொன்னது நல்லதுதான்.

ஆனால் கார் வாங்கியவர் கம்பெனியின் நல்ல மனசை நம்பித்தான் இருக்க வேண்டுமா?

ஒரு கணக்குப் பாருங்கள். சொந்தக் கார் வாங்கும்போதே ஆயுள் கால வரி கட்டுகிறோம். பதினைந்து வருஷத்துக்குப் பதிவு தருகிறார்கள். பதினைந்து வருஷத்துக்கு வரியை முன்கூட்டியே வாங்கும் அரசாங்கம், பதினைந்து வருஷத்துக்குப் பாகம் கிடைக்கவும் வழி செய்ய வேண்டாமா?

கடைசிக் கார் விற்ற நாளில் இருந்து பதினைந்து வருஷம் பாகம் கிடைக்க வேண்டும். கம்பெனி இருந்தாலும் கிடைக்க வேண்டும். போனாலும் கிடைக்க வேண்டும். செய்ய முடியாத கம்பெனி, பாகத்தின் படத்தையும் அளவையும் வேறு ஒருவருக்குக் கொடுத்துச் செய்யச் சொல்லட்டும். இதைக் கண்டிப்பான சட்டமாக எழுதி வைக்க வேண்டும் என்பதே என் கட்சி.

வயதைப் பார்ப்பதா, உடம்பைப் பார்ப்பதா?

"பழைய காரை ஏன் கட்டி அழ வேண்டும்? உடைத்துப் போட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. புகை விடும் காரால் நம் பிள்ளைகளின் மூச்சு கெடுகிறது. பிரேக் பிடிக்காத காரால் உயிர் போகிறது. அப்படிப்பட்ட கார் ரோட்டுக்கு வரவே கூடாது.

ஆனால் வயதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியா? எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய ஏழு வயதுக் கார் புகை கக்குவது உண்டு. வாரம் தோறும் துடைத்து, வேளை தவறாமல் எண்ணெய் மாற்றிய இருபது வயதுக் கார் ஒழுங்காக ஓடுவதும் உண்டு.

பதினைந்து வருஷம் ஆன காரைப் புதுப்பித்துப் பதிவு செய்ய முன்பு 600 ரூபாய்க் கட்டணம். 2022 ஏப்ரலில் இருந்து அது 5,000 ரூபாய் ஆனது. இருபது வருஷம் தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ரூபாய் ஆக்கினார்கள். வசதி உள்ளவருக்கு இது பெரிதல்ல. ஒரே ஒரு பழைய காரை வைத்துக் கொண்டு, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் குடும்பத்துக்கு இது பாரம்.

ஐம்பது வயது தாண்டிய, உருவம் மாறாத வண்டிகளுக்கு 2021-ல் தனி விதி வந்தது. அவற்றைப் பழம்பெரும் வண்டி என்று பதிவு செய்து கொள்ளலாம். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டு போகலாம். தினசரி ஓட்டக் கூடாது. இது நல்ல விதி. கோயம்புத்தூர் ஜி.டி. கார் மியூசியத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனவர்களுக்குத் தெரியும். பழைய கார் வெறும் இரும்பு அல்ல. மனிதன் மூளையின் சரித்திரம் அது.

ஐம்பதுக்கும் பதினைந்துக்கும் நடுவில் இருக்கும் கார்களைப் பற்றித்தான் என் பேச்சு. அவற்றைக் கண்டிப்பாகச் சோதியுங்கள். புகையைச் சோதியுங்கள். பிரேக்கைச் சோதியுங்கள். தேறாததைத் தயங்காமல் தள்ளுங்கள். தேறியதை அபராதம் போலக் கட்டணம் போட்டு விரட்டாதீர்கள்.

கார் வாங்குவோர் கவனிக்க

அரசாங்கம் செய்ய வேண்டியது இருக்கட்டும். நாம் செய்ய வேண்டியதும் உண்டு.

1. கார் வாங்கும் முன்பு கடை வீதிக்குப் போங்கள். அந்தக் காரின் கிளட்ச் பிளேட், முன் விளக்கு, முன் கண்ணாடி மூன்றுக்கும் விலை கேளுங்கள். "ஆர்டர் போட்டால் இரண்டு மாதத்தில் வரும்" என்றால் யோசியுங்கள்.

2. உங்கள் ஊரில் அந்தக் கார் எத்தனை ஓடுகிறது என்று பாருங்கள். ஒன்று கூட இல்லை என்றால் அது பெருமை அல்ல, ஆபத்து.

3. உங்கள் தெரு மெக்கானிக்கைக் கேளுங்கள். விற்பவர் சொல்லாததை அவர் சொல்வார்.

4. எண்ணெய் மாற்றிய தேதி, பாகம் மாற்றிய தேதி, ஓடிய கிலோ மீட்டர், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள்.

5. சில கார்களின் இஞ்சினில் டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பெல்ட் உண்டு. கம்பெனி சொன்ன கெடுவில் அதை மாற்றுங்கள். அது அறுந்தால் பல இஞ்சின்களில் வால்வு வளைந்து, செலவு பத்து மடங்கு ஆகும்.

6. பத்து ரூபாய் குறைத்துக் கேட்டு நல்ல மெக்கானிக்கை இழந்து விடாதீர்கள். நல்ல டாக்டர் கிடைப்பது போல்தான் நல்ல மெக்கானிக் கிடைப்பதும்.

காரைச் செய்பவன் ஒரு முறைதான் செய்கிறான். அதை வருஷக் கணக்கில் வாழ வைப்பவன் மெக்கானிக். அவன் கையில் பாகத்தையும் விவரத்தையும் கொடுங்கள். கார் ஓடும். அவன் அடுப்பும் எரியும். உங்கள் பணமும் மிஞ்சும்.